லாரி நின்ற இடம்

அந்த டிரைவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் லாரி ஆபீஸ் பீரோவில் ஏதோ ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது. ரோட்டில் அவர் பேர் அளவு. "அளவு அண்ணன் வண்டி வருது, ஒதுங்கு" என்பார்கள். "இந்த இடுக்குல வேற எவனாலயும் முடியாது, அளவைக் கூப்பிடு" என்பார்கள். பன்னிரண்டு சக்கர லாரியை இரண்டு லாரிகளுக்கு நடுவே பின்பக்கமாகவே கொண்டுபோய்ச் சொருகிவிட்டு இறங்கினால், இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். மூன்று விரல் இருந்தால் அன்றைக்கு மனுஷனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இருபத்தேழு வருஷமாக இதே பிழைப்பு.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன மாசம் தன் வீட்டுக்கே வழி தப்பிப் போனார். சிரிக்காதீங்க, முழுசாகக் கேளுங்க.

பதினெட்டு நாள் லோடுக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மனைவியும் இரண்டு மகள்களுமாகச் சேர்ந்து தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினார்கள். போனில் சொல்லத்தான் சொன்னாள். "தண்ணித் தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட்டுங்க" என்றாள். மேடு ஏறிக்கொண்டிருந்த நேரம். கியரை மாற்றிக்கொண்டே "சரி சரி" என்றார். ஊர் வந்து சேர்ந்த காலையில் கால்கள் அதுபாட்டுக்குப் பழைய வீட்டுக்கே நடந்தன. பதினொரு வருஷம் பழகிய கை ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, கதவின் உள்தாழ்ப்பாளைத் தூக்கியது. உள்ளே ஒரு பெண் "ஐயோ திருடன்!" என்று அலறினாள். அவள் புருஷன் துடைப்பத்தோடு ஓடி வந்தான். நல்லவேளை, அடி விழுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அடையாளம் கண்டுவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் இது ஒரு தீராத வேடிக்கையாகிவிட்டது. சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எப்போது போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "எந்த வீட்டுக்கு வர்றீங்க?" பின்னாலிருந்து மகள்களின் சிரிப்பு. "வைடி போனை" என்று இவர் கத்துவார். உள்ளுக்குள் இருந்தது கோபம் இல்லை, பயம். புது வீட்டில் இரண்டு நாள் இருந்தபோது விளக்குக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை, தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று தெரியவில்லை. விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாம் இல்லாமலே எல்லாம் நடந்துவிடுகிறது என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளுக்கு அப்புறம், இந்த லோடை இறக்கிவிட்டு முதல் தடவையாக வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த லோடு என்றால் தேனீ. சிமென்ட் ஏற்றியிருக்கிறார், இரும்புக் கம்பி ஏற்றியிருக்கிறார், ஒரு தடவை குடைராட்டினத்து மரக்குதிரை முப்பதைக்கூட ஏற்றியிருக்கிறார். உயிர் உள்ள சரக்கை ஏற்றியதே இல்லை. விடிவதற்குள் வரச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் இருநூற்று நாற்பது வெள்ளைப் பெட்டி, ஒவ்வொன்றிலும் கீழே ஒரு விரல் உயரத்துக்கு வாசல். நாலு அடுக்காக, வாசல்கள் வெளிப்பக்கம் பார்க்க அடுக்கி, மேலே பெரிய வலையைப் போர்த்திக் கட்டினார்கள். வழக்கம்போல இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிப் பார்க்கக் குனிந்தவர், மேலே கேட்ட சத்தத்தில் அப்படியே நின்றார். லாரி இஞ்சினை ஆஃப் பண்ணியிருந்தார். ஆனால் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரி நாற்பது வயசு தாண்டிய ஒரு பெண்மணி. தேனீக்காரம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள், கையெல்லாம் பழைய கொடுக்குத் தழும்பு. முகத்திரை வைத்த தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். போன வருஷம் நோய் வந்து பாதிப் பெட்டி காலியாகிவிட்டதாம். மிச்சம் இருப்பது பின்னால் இருக்கிற இவ்வளவுதான்.

"நாம போற தோட்டத்துல பழமரம் பூத்தாச்சுண்ணே. காய் பிடிக்கணும்னா ஈ வேணும். பத்து நாள்தான் அந்தப் பூ. நாளைக்குக் காலையில தோட்டத்து மேஸ்திரி ஒவ்வொரு பெட்டியா திறந்து பாப்பாரு. ஈ நெருக்கமா இருந்தா இறக்கச் சொல்வாரு. கொஞ்சமா இருந்தா வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். அடுத்த பூ அடுத்த வருஷம்."

"அதெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துடலாம்மா."

"ஒண்ணே ஒண்ணு. வெயில்ல மட்டும் நிக்கக் கூடாது. ஓடிட்டே இருந்தா காத்து பட்டு உள்ளயே கிடக்கும். நின்னா சூடாகும். வெளிய வரும். வலைக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூச்சு முட்டிச் செத்துடும்."

"என் வண்டி நிக்காதும்மா" என்றார் அளவு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு ஃபேன் பெல்ட் அறுந்தது. இஞ்சின் சூட்டு முள் சரசரவென்று ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பியது. கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. ரோட்டோரம் சரளை கொட்டி அகலப்படுத்தியிருந்த இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். இறங்கிய கையோடு இரண்டு பெரிய கல்லைத் தேடி எடுத்துப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் அண்டக் கொடுத்தார். நிமிர்வதற்குள் தேனீக்காரம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு மேலே ஏறி, வலைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுத்தா பறந்து போயிடாதா?"

"பறக்கும்ணே. அவுக்கலைன்னா வெந்துடும்."

வலை சரிந்தது. இருநூற்று நாற்பது வாசலிலிருந்தும் பொலபொலவென்று வந்தன பாருங்க! அளவு கேபினுக்குள் பாய்ந்து ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அப்புறம்தான் கவனித்தார். எதுவும் ஓடிப்போகவில்லை. வெளியே வந்த ஒவ்வொன்றும் சட்டென்று திரும்பி, தன் பெட்டியைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்றது. அப்படியே வலம் இடமாக ஆடியது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஆடியது. முகத்தை மட்டும் வாசலை விட்டு எடுக்கவே இல்லை. ஆயிரம் பத்தாயிரம் என்று எத்தனையோ ஈ, அத்தனையும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஆடின. அவருக்கு மூச்சு விட மறந்துபோயிற்று.

"என்னம்மா பண்ணுதுங்க?" என்று கண்ணாடியை ஒரு விரல் இறக்கிக் கேட்டார்.

"அடையாளம் பாக்குதுங்கண்ணே. புது இடத்துல முழிச்சிருக்கில்ல? வீட்டை நல்லா மனசுல வாங்கிக்கிட்டுத்தான் கிளம்பும்."

"எவ்வளவு தூரம் போகும்?"

"நமக்கு நடந்தா அரைமணி, முக்கால் மணி ஆகிற தூரம்."

"திரும்பி வந்துடுமா? அதது பெட்டிக்கா?"

"அதது பெட்டிக்கு."

எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. இவருக்கே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 'இது மட்டும் என் வீட்டுக்காரி காதுல விழக் கூடாது' என்று நினைத்துக்கொண்டார்.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, சீட்டுக்கு அடியில் வைத்திருந்த புது பெல்ட்டை எடுத்து மாட்டி, தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது மணி ஒன்றரை. வேலை பார்க்கிறவரை ஈக்கள் ஒன்றும் செய்யவில்லை. அவை பாட்டுக்கு அவை, இவர் பாட்டுக்கு இவர். காலில் மஞ்சளாக எதையோ அப்பிக்கொண்டு சில திரும்பிவரக்கூட ஆரம்பித்திருந்தன.

"பொழுது சாயுற வரைக்கும் நகர முடியாதுண்ணே" என்றாள் தேனீக்காரம்மா. "எல்லாம் உள்ள வந்தாத்தான் வலை போட முடியும். எப்படியும் விடியறதுக்குள்ள போயிடலாமில்ல?"

"தாராளமா."

பெட்டிகளின் மேல் தெளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு கேனை எடுத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த பம்ப் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம். அளவு தனியாக நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் அறுபது காலடி தூரத்தில், காலையில் ஆவி மறைத்திருந்த ஒரு மரம், லாரியையே முழுசாக மூடுகிற அளவுக்குக் கிளை பரப்பி நின்றது.

டிரைவர் ஜாதிக்கு ஒரு குணம் உண்டு. நிழல் இருக்கும்போது வெயிலில் வண்டி நின்றால் அவனுக்குத் தூக்கம் வராது. அதுவும் இவர் மனசு இளகியிருந்த நேரம். பாவம், வாயில்லா ஜீவன்கள், இங்கே எதுக்குக் காய வேண்டும்? நகர முடியாது என்றுதானே சொன்னாள்? இது என்ன பெரிய நகர்வா? கூப்பிடு தூரம். வீடு அளவுக்கு லாரி, நீல கேபின், கண்ணுக்கு எதிரில் நிற்கப்போகிறது. அரைமணி நேர தூரத்திலிருந்து வழி கண்டுபிடிக்கிற பூச்சிக்கு அறுபது காலடி எம்மாத்திரம்? இப்படியெல்லாம் யோசித்து, நல்ல மனசோடுதான் ஸ்டார்ட் பண்ணினார். நல்ல மனசோடு செய்கிற காரியம்தான் சில சமயம் ஆளையே கவிழ்த்துவிடுகிறது. மெதுவாக நகர்த்தி, மரத்தண்டுக்கும் பாடிக்கும் இரண்டு விரல் இடைவெளியில், நிழல் ஒரு இழை வீணாகாமல் நிறுத்தினார். ஃபிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டார். தேனீக்காரம்மா வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று இருந்தது.

பாதி டீயில் தற்செயலாகப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஏதோ புகை மாதிரி. தூசி என்று நினைத்தார். தூசி என்றால் நகர வேண்டுமே? இது நின்றது. திரும்பி, தலையை நீட்டிப் பார்த்தார். டீ கையில் கொட்டியது.

லாரி நின்ற இடத்தில் ஒரு லாரி நின்றது. ஈயால் ஆன லாரி. தரையிலிருந்து சக்கர உயரம் வரைக்கும் வெறும் காற்று. அதற்கு மேலே, நாலு அடுக்குப் பெட்டி இருந்த அதே உயரத்துக்கு, அதே நீளத்துக்கு, இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர் என்று கறுப்பாகத் திரண்டு, இரைச்சலோடு தொங்கியது. வயல் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ஈயும் நேராக வந்து, இல்லாத வாசலில் இறங்கப் பார்த்து, இறங்க ஒன்றும் இல்லாமல் பின்வாங்கி, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நொடியே கீழே குதித்தார்.

தேனீக்காரம்மா கேன் இரண்டையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க!"

"நிழலுக்குத்தாம்மா... இங்கதானே நிக்குது, கண்ணுக்கு முன்னாலயே..."

"அதுங்க வண்டியைப் பாக்கலைண்ணே. இடத்தைத்தான் பாத்துச்சு. வாசல் எந்த இடத்துல இருந்துச்சோ அது மட்டும்தான் அதுக்குத் தெரியும். வண்டி பக்கத்துலயே நின்னாலும் அது யாரோ ஒருத்தர் வீடு. இருட்டுற வரைக்கும் அங்கயே சுத்தும். அப்புறம் கீழ விழுந்து செத்துப்போகும்."

சொல்லிவிட்டுச் சரளையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "வெளிய இருக்கிறதெல்லாம் உழைக்கிற ஈ. பெட்டிக்குள்ள இருக்கிறது குஞ்சும் குழந்தையும். நாளைக்கு மேஸ்திரி திறந்து பாத்தா பாதிதான் இருக்கும்" என்றாள். அவரைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அளவு அந்த ஈ லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். இல்லாத வாசலில் இறங்கப் பார்க்கிற அந்த ஒவ்வொரு ஈயும் அவருக்குத் தெரிந்த ஆள்தான். ஜன்னல் கம்பிக்குள் நுழைந்த தன் கை ஞாபகம் வந்தது. அந்தத் தாழ்ப்பாளின் ஜில்லென்ற இரும்பு ஞாபகம் வந்தது. எத்தனை ஆயிரம் கைகள் இங்கே தாழ்ப்பாளைத் தேடுகின்றன!

"அதே இடத்துல திரும்ப நிறுத்துனா?"

"அதே இடம்னா அதே இடமா இருக்கணும்ணே. ஒரு முழம் தள்ளிப்போனா அடுத்த பெட்டி வாசல் ஆயிடும். அங்க காவலுக்கு இருக்கிற ஈ உள்ள விடாது."

வேறு நாளாக இருந்தால் "நான் யாருன்னு நெனச்சே?" என்றிருப்பார். இன்றைக்கு "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

கல் இரண்டும் அங்கேயே கிடந்தன. அவசரத்தில் எடுக்காமல் விட்டதே நல்லதாகப் போயிற்று. ஆனால் கண்ணாடியில் கல் தெரியவில்லை, ஈதான் தெரிந்தது. தேனீக்காரம்மா தொப்பியோடு அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்று, இரண்டு கையையும் ஆட்டினாள். "வாங்க வாங்க... இந்தப் பக்கம்... இந்தப் பக்கம்ணே!"

"உன் இந்தப் பக்கமா, என் இந்தப் பக்கமா?"

"ஐயோ, இந்தப் பக்கம்!"

"நீ ஒண்ணும் சொல்லவே வேணாம் தாயே! ஓரமா கல்லு பக்கத்துல நில்லு. டயர் கல்லைத் தொட்டதும் பாடியில ஒரு தட்டு தட்டு. அது போதும்."

ஜன்னல் கண்ணாடியை முழுசாக ஏற்றினார். கேபின் அடுப்பாகக் கொதித்தது. ரிவர்ஸ் போட்டார். எதை அளவு வைத்துப் போவது? அப்போதுதான் பிடிபட்டது. ஈயையே அளவாக வைத்துப் போக வேண்டும். அந்த இரண்டு கறுப்புச் சுவருக்கு நடுவில் தன் லாரியைச் சொருக வேண்டும். இருபத்தேழு வருஷமாக இரண்டு லாரிக்கு நடுவே சொருகியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தானோ என்று நினைத்துக்கொண்டார். வண்டி பின்னால் ஊர்ந்தது. கூட்டம் விலகாமல், கலையாமல், லாரியை உள்ளே வாங்கிக்கொண்டது. கண்ணாடியெல்லாம் ஈ. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. டொக்.

நிறுத்தினார். தேனீக்காரம்மா குனிந்து பார்த்தாள். காலையில் இஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய்க் கறை ஒன்று சரளையில் இருந்தது. இப்போது இஞ்சின் அதற்கு ஒரு முழம் இடதுபக்கம் நின்றது. கதவருகே வந்து கையால் காட்டினாள். அளவு பல்லைக் கடித்தார். மூன்று விரலுக்கே வெட்கப்படுகிற மனுஷன், ஒரு முழம்! முன்னால் எடுத்தார். மறுபடி பின்னால். இந்தத் தடவை கண்ணாடியைக்கூட அதிகம் பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழே சீட்டையே கவனித்துக்கொண்டு வந்தார். காலையில் சுமையோடு நின்றதில் சக்கரங்கள் சரளையில் பதித்த பள்ளம் இருக்கிறது அல்லவா? அதில் பின்சக்கரங்கள் இறங்கின. கூடவே முன்சக்கரங்களும் இறங்கின. தூங்கி எழுந்த படுக்கையில் மறுபடி படுக்கிற மாதிரி வண்டி தன் குழியில் உட்கார்ந்தது. டொக் என்று தட்டும் சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

இஞ்சினை ஆஃப் பண்ணினார். ஒன்றும் நடக்கவில்லை. ஈக்கள் தொங்கிக்கொண்டே இருந்தன. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

அப்புறம் இரைச்சல் மாறியது. அலறல் மாதிரி இருந்தது முணுமுணுப்பு மாதிரி இறங்கியது. தேனீக்காரம்மா திரையைத் தூக்கிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அளவு கதவைத் திறந்து இறங்கினார். கொட்டினால் கொட்டட்டும் என்று வந்துவிட்டது. சுவர் கரைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அவரவர் வீட்டு வாசலில் பிரிகிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு கணம்கூட யோசிக்காமல் தன் பெட்டியில் இறங்கி, ஒரு விரல் உயர வாசலுக்குள் நடந்து போயிற்று. ஒன்றும் ஒன்றோடு முட்டவில்லை, வாசல் மாறிப் போய் விழிக்கவும் இல்லை. ஆண்டவா, இப்படியும் ஒன்றா! அவர் கையைக் கூப்பியதே அவருக்குத் தெரியாது. கழுத்தில் நாலு இடத்தில் கொட்டியிருந்ததும் சாயங்காலம் வரைக்கும் தெரியாது.

அதற்கப்புறம் பொழுது சாயும் வரை லாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நிழலுக்குக்கூடப் போகவில்லை. தேனீக்காரம்மா ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டார். கடைசி வெளிச்சத்தில் ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டவள், அவரையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். உள்ளே ஒரு வீடு முழுக்க ஆள் பேசுகிற சத்தம்.

"எல்லாம் வந்துடுச்சா?"

"எண்ணிப் பாக்கவா முடியும்? ஆனா வந்துடுச்சுண்ணே" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான். மறுநாள் மேஸ்திரி பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து ஒன்றைக்கூடத் தள்ளாமல் இறக்கச் சொன்னார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மனசு அடித்துக்கொள்ள வேண்டாம்.

வலையைக் கட்டி, இந்தத் தடவை மறக்காமல் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். கேபினில் ஏறும்போது போன் அடித்தது. மனைவி.

"நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன்."

"எந்த வீட்டுக்கு?" பின்னால் மகள்கள் களுக்கென்று சிரிப்பது கேட்டது.

அளவு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். இஞ்சின் சத்தத்துக்கு மேல் பின்னாலிருந்து அந்த முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க? கோபமா? சும்மா விளையாட்டுக்குத்தானே..."

"கோபம் இல்ல. வழி சொல்லு."

"என்னது?"

"நம்ம வீட்டுக்கு வழி சொல்லு. அன்னைக்கு நான் காதுல வாங்கலை."

அவள் சொன்னாள். தண்ணித் தொட்டிக்கு எதிரில், பச்சை கேட். மூன்று படி, அதில் இரண்டாவது மூலை உடைந்தது, பார்த்துக் கால் வைக்க வேண்டும். தாழ்ப்பாள் கதவின் இடதுபக்கம்.

"சுவிட்ச்?"

"கதவுக்குப் பின்னால, உங்க தோள் உயரத்துக்கு."

"டம்ளர்?"

"அடுப்புக்கு மேல, ரெண்டாவது தட்டுல. உங்க டம்ளர் தனியா இருக்கு." அவள் குரல் என்னவோபோல ஆகியிருந்தது. மகள்கள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் அளவு. "முதல்ல இருந்து. மெதுவா."

அவள் தண்ணித் தொட்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.